வேலையில்லாத வழிகாட்டி

ஆரணி கேட்ட கேள்வி படிவத்தில் இருந்ததுதான். நானே தட்டச்சுச் செய்து, பதினாறு பிரதி எடுத்து, மேசைக்கு மேசை கொண்டுபோய் வைத்த படிவம். ஆறாவது கேள்வி: உங்கள் கடைசி வேலையை ஏன் விட்டீர்கள்?

பெப்ரவரி மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. ரொறன்ரோவின் டோர்செட் பார்க்கில், கென்னடி வீதியை விட்டு உள்ளே திரும்பினால் வருகிற உயர்நிலைப் பள்ளியின் நூலகம். பிள்ளைகளின் சப்பாத்துகளில் ஒட்டிவந்த பனி கரைந்து கம்பளத்தில் ஊறி, ஈரத் துணி மணத்தது. அதற்கு மேலே மட்டன் ரோல்ஸ் மணம். வாங்கி வைத்த ஐம்பது ரோல்ஸில் பத்து மணிக்கு முன்னமே பாதி முடிந்திருந்தது.

தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் நாங்கள் நடத்திய தொழில் வழிகாட்டல் வகுப்பில் அன்றைக்கு நேர்முகத் தேர்வுப் பயிற்சி. முதலில் வழிகாட்டிகள் கேட்க, பிள்ளைகள் பதில் சொன்னார்கள். பிறகு இடம் மாறினார்கள். பிள்ளை முதலாளி, வழிகாட்டி வேலை கேட்டு வந்தவர். அது என்னுடைய யோசனை. அடுத்த பக்கத்துக் கதிரையில் இருந்து பார்த்தால் பயம் குறையும் என்று நினைத்தேன்.

ஆரணிக்குப் பதினாறு வயது. பதினோராம் வகுப்பு. சிரிப்பதற்குக் காரணம் கேட்கிற முகம். அவளுக்குக் கொடுத்த வழிகாட்டி ஸ்ரீதரன், கோயம்புத்தூர்க்காரர், நாற்பத்தைந்து வயதிருக்கும். பெரிய நிறுவனம் ஒன்றில் மென்பொருள் பிரிவின் மேலாளர் என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தார். சனிக்கிழமையிலும் மடிப்புக் குலையாத சேர்ட் போட்டுக்கொண்டு வருவார்.

நான் ரோல்ஸ் தட்டோடு அவர்களின் மேசைக்குப் பின்னால் நின்றேன். நேர்முகம் ஆங்கிலத்தில் நடந்தது. தமிழில் சொல்கிறேன்.

"உங்கள் கடைசி வேலையை ஏன் விட்டீர்கள்?" என்று ஆரணி வாசித்தாள்.

ஸ்ரீதரன் தன் முன்னால் இருந்த படிவத்தைக் கவிழ்த்து வைத்தார்.

"நான் விடவில்லை. மூன்று கிழமைக்கு முன் என்னை நிறுத்திவிட்டார்கள். பன்னிரண்டு வருஷம் வேலை செய்தேன். கூட்டம் எட்டு நிமிஷம். மடிக்கணினியைத் திருப்பி அனுப்ப ஒரு பெட்டி வரும் என்று சொன்னார்கள்."

ஆரணி எழுதிக்கொண்டாள். நிமிர்ந்து கேட்டாள்: "பெட்டி வந்ததா?"

"வந்தது."

"நன்றி," என்று சொல்லிவிட்டு ஏழாவது கேள்விக்குப் போனாள்.

எனக்குப் புல்லரித்தது. இந்த மனிசன் நாடகத்துக்குப் போயிருக்க வேண்டியவர் என்று நினைத்தேன். பயிற்சி முடிந்ததும் அவருடைய தாளில் நான் எழுதியது இதுதான்: 'மிக நன்று. உண்மை போலவே இருந்தது.'

திங்கட்கிழமை

எங்கள் அலுவலகம் ஒரு பிளாசாவின் மேல்மாடியில். கீழே மருந்துக்கடை. இரண்டு அறை, ஒரு பிரதி எடுக்கும் மெஷின். பனிக்காலத்தில் ஹீற்றரை விட அந்த மெஷின்தான் கூடச் சூடு தரும்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஸ்ரீதரன் படியேறி வந்தார். கையில் அந்தத் தாள்.

"மேடம், இதுல நீங்க 'உண்மை போலவே'ன்னு எழுதியிருக்கீங்க."

"ஓம். நல்லாய்ச் செய்தனீங்கள்."

"அது உண்மைதான் மேடம்."

அவரை இருக்கச் சொன்னேன். இருந்தார். மேலங்கியைக் கழற்றவில்லை.

"அதுக்கு முன்னாடி நான் யார்கிட்டயும் சொல்லல. அந்தப் பொண்ணு கேட்டதும் வாய்ல வந்துடுச்சு."

"வீட்டிலயும் சொல்லேல்லையோ?"

"இல்ல. காலைல எட்டரைக்குக் கிளம்பிடுவேன். கவிதா டிபன் கட்டித் தருவா. எங்கயாவது லைப்ரரிக்குப் போய் வேலை தேடுவேன். அஞ்சரைக்குத் திரும்பிடுவேன்."

கவிதா அவருடைய மனைவி. சனிக்கிழமை வகுப்பிலிருந்து விலகுவதாகச் சொல்லத்தான் ஸ்ரீதரன் வந்திருந்தார். வழிகாட்டியாக இருப்பவர் அந்தத் துறையில் வேலையில் இருக்க வேண்டும் என்று எங்கள் ஒப்பந்தத்தில் ஒரு விதி. அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அதனால் சரியில்லை என்றார்.

விதியை எழுதியது நான்.

விதி வந்த கதை

இந்த நிகழ்ச்சிக்குப் பணம் தந்தது ஒரு அறக்கட்டளை. விண்ணப்பம் முப்பது பக்கம். ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர் சனிக்கிழமைகளில் நாலு நல்ல விஷயம் சொல்லிக்கொடுப்பார் என்பதை முப்பது பக்கத்துக்கு நீட்ட எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. 'அளக்கக்கூடிய விளைவுகள்' என்று ஒரு பெட்டி இருந்தது. அதை நிரப்பிய நாளில் நான் மத்தியானம் சாப்பிடவில்லை.

முதல் வருஷம் வந்த வழிகாட்டி ஒருவர், பிள்ளைகளிடம் பெற்றோரின் தொலைபேசி எண்ணை வாங்கி அவர்களுக்கு ஆயுள் காப்புறுதி விற்றார். மூன்று குடும்பம் வாங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் 'வேலையில் இருப்பவராக இருக்க வேண்டும்' என்று விதி எழுதினேன். காப்புறுதி விற்றவரும் வேலையில்தான் இருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

வழிகாட்டி பிடிப்பது லேசான காரியம் இல்லை. டொக்டர்மார் கட்டாயம் வருவோம் என்று சொல்வார்கள், வரமாட்டார்கள். கணக்காளர்கள் அரை மணித்தியாலம் முன்னதாக வந்து கதிரைகளை வரிசையாகப் போடுவார்கள். சட்டத்தரணிகள் வருவார்கள், ஆனால் பேச்சை முடிக்கத் தெரியாது. தாய்மார் எல்லாரும் ஒரே கேள்வி கேட்பார்கள்: "உவர் டொக்டரோ?"

ஆரணியின் தாயும் கேட்டார். இல்லை, கம்பியூட்டர் என்றேன். யோசித்துவிட்டு, "சரி, பரவாயில்லை," என்றார். ஆரணி தன் படிவத்தில் 'விரும்பும் தொழில்' என்ற இடத்தில் 'தெரியாது. டொக்டர் இல்லை' என்று எழுதியிருந்தாள்.

எனக்குக் கிடைத்த வழிகாட்டல்

இந்த நிகழ்ச்சியை ஏன் தொடங்கினேன் என்று கேட்பவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்கிற பதில் ஒன்று இருக்கிறது. அது விண்ணப்பத்துக்காக எழுதியது. உண்மையான காரணம் வேறு.

நான் ரொறன்ரோவுக்கு வந்தபோது எனக்குப் பதினேழு வயது. யாழ்ப்பாணத்தில் கணிதத்தில் கெட்டிக்காரி என்று பெயர். இங்கே பள்ளியில் மாணவருக்கு ஆலோசனை சொல்லும் அம்மா ஒருவர் இருந்தார், நல்ல மனிசி. என் பரீட்சைப் புள்ளிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "உனக்குப் பிள்ளைகள் பிடிக்குமா?" என்று கேட்டார்.

பிடிக்காது என்று சொன்னால் மரியாதை இல்லை என்று நினைத்தேன். அதை மரியாதையாகச் சொல்லத் தேவையான ஆங்கிலம் என்னிடம் இல்லை. அதனால் "யெஸ்" என்றேன்.

அந்த வருஷம் முழுக்க, அவர் அனுப்பிவைத்த பிள்ளைகள் காப்பகம் ஒன்றில் டயப்பர் மாற்றினேன். 'குழந்தைகளிடம் இயல்பான ஈடுபாடு உள்ளவர்' என்று ஒரு சான்றிதழ் தந்தார்கள். அது இப்போதும் வீட்டில் எங்கோ கிடக்கிறது.

அதனால் ஸ்ரீதரன் எனக்கு முன்னால் மேலங்கியோடு இருந்தபோது, அந்த மேசையில் நான் எந்தப் பக்கம் இருக்கிறேன் என்று எனக்குக் கொஞ்சம் குழம்பிவிட்டது.

"அடுத்த சனிக்கிழமை வாங்கோ," என்றேன். "ரோல்ஸுக்குச் சொல்லியாச்சு."

பதினாறு பேர்

ஆரணியிடம் எப்படிச் சொல்வது என்று அந்தக் கிழமை முழுக்க யோசித்தேன். பிள்ளை பாவம், தெரியாமல் கேட்டுவிட்டது, மனம் நோகக் கூடாது. சனிக்கிழமை அவளைப் புத்தக அலுமாரிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனேன்.

"பிள்ளை, போன கிழமை ஸ்ரீ அங்கிள் சொன்னது இருக்கெல்லே..."

"உண்மை. தெரியும் அன்ரி."

"எப்பிடித் தெரியும்?"

"அதுக்கு முதலே ஒன்லைன்ல அவற்ற புரொஃபைல் பாத்தன். கொம்பனி பேர் இல்லை. வேலை தேடுறன் எண்டு போட்டிருக்கிறார். எல்லாரும் பாத்தனாங்கள்."

"எல்லாரும் எண்டால்?"

"பதினாறு பேரும்."

மனைவி அந்தப் பக்கம் போவதில்லை என்ற நம்பிக்கையில் அவர் அதை மாற்றியிருக்கிறார். பதினாறு வயதுப் பிள்ளைகள் போவார்கள் என்று யோசிக்கவில்லை.

"தெரிஞ்சுகொண்டு பிறகேன் கேட்டனீர்?"

"ஃபோர்ம்ல இருந்தது."

அவள் அலுமாரியில் இருந்த ஒரு புத்தகத்தை உள்ளே தள்ளி, மற்றப் புத்தகங்களோடு நேராக்கினாள்.

"ஒவ்வொரு சனியும் 'எங்க டீம், எங்க டீம்' எண்டு கதைக்கிறவர். டீம் இல்லை எண்டு எங்களுக்குத் தெரியும். ஐ டோன்ட் நோ, அன்ரி. கேட்டுக்கொண்டிருக்கக் கஷ்டமாய் இருந்தது. அதுதான் ஆறாவதை ஸ்கிப் பண்ணேல்லை."

குடும்பத்துடன் வருக

இதற்குள் நான் ஒரு மடைத்தனம் செய்திருந்தேன். கடைசிச் சனிக்கிழமை விழாவுக்கான அழைப்பு. வருஷத் தொடக்கத்திலேயே எல்லா வழிகாட்டிகளின் வீட்டு விலாசத்துக்கும் அனுப்பிவிட்டேன். 'குடும்பத்துடன் வருக' என்று பெரிய எழுத்தில், ஒரு பூவும் போட்டு.

கவிதா தானே எனக்கு அழைத்து, கட்டாயம் வருவதாகச் சொன்னார். கேசரி செய்துகொண்டு வரட்டுமா என்று கேட்டார். எத்தனை பேருக்கு என்றும் கேட்டார்.

இதை ஸ்ரீதரனிடம் சொன்னபோது அவர் தன் கையில் இருந்த கோப்பியை மேசையில் வைத்தார். உண்மை தெரிந்த பதினாறு பிள்ளைகள், ஒன்றும் தெரியாத மனைவி, நடுவில் கேசரி. விழாவுக்கு இன்னும் மூன்று சனிக்கிழமை இருந்தது.

"சொல்லித்தான் ஆகணும்," என்றார். "எப்படி ஆரம்பிக்கறதுன்னுதான் தெரியல."

பக்கத்து மேசையில் ஆரணி வாசித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்: "பிராக்டிஸ் பண்ணுங்கோ."

"யாரோட?"

அவள் என்னைப் பார்த்தாள்.

இப்படித்தான் நான் ஒரு சனிக்கிழமை மத்தியானம், மற்றவர்கள் எல்லாரும் போன பிறகு, நூலகத்தின் சின்ன அறையில் இன்னொருவரின் மனைவியாக இருந்தேன். கதவைத் திறந்து வைத்திருந்தோம். ஆரணி மூலையில், புள்ளி போடுகிற தாளோடு. நேர்முகப் பயிற்சிக்கு நான் செய்த அதே தாள்.

ஸ்ரீதரன் தொண்டையைச் செருமினார்.

"கவிதா, உனக்கு ஞாபகம் இருக்கா, நாம கனடா வந்த புதுசுல..."

"ஸ்டொப்," என்றாள் ஆரணி. "அங்கிள், நீங்கள்தானே சொன்னனீங்கள், முதல் வசனத்திலயே விஷயத்தைச் சொல்லோணும் எண்டு."

அவர் தலையாட்டினார். திரும்பத் தொடங்கினார்.

"கவிதா, கம்பெனியில ஒரு சீரமைப்பு நடந்துச்சு. அதுல பல பேருக்கு..."

"ஆருக்கு?"

"எனக்கு."

"அப்ப அதைச் சொல்லுங்கோ."

மூன்றாம் தடவை அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "கவிதா, எனக்கு வேலை போயிடுச்சு."

இப்போது என் முறை. நான் ஒன்றும் ஆயத்தப்படுத்தவில்லை. "எப்ப?" என்று கேட்டேன். ஜனவரியில் என்றார். வாயில் வந்ததைக் கேட்டேன்: "அப்ப ஏனப்பா எனக்கு இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

யாழ்ப்பாணத் தமிழ் பேசுகிற மனைவியைப் பார்த்து அவருக்கு முதலில் சிரிப்பு வந்தது. சிரிப்பு முடியும் முதலே முகம் மாறிவிட்டது.

"தினமும் காலைல டிபன் கட்டித் தந்தியே," என்றார். "அதை வாங்கிட்டு, இனிமே வேண்டாம்னு எப்படிச் சொல்றது?"

கூடத்தில் யாரோ துப்புரவு மெஷின் ஓட்டுவது கேட்டது. ஆரணி பேனையை வைத்துவிட்டு, யன்னலுக்கு வெளியே நின்ற கார்களைப் பார்த்தாள்.

தாளை அன்று வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். கண் தொடர்பு, ஐந்துக்கு இரண்டு. தெளிவு, நாலு. கடைசிக் கேள்விக்கான பதிலுக்கு அவள் புள்ளி போடவில்லை.

கேசரி

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் சொன்னார். கவிதா நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் அவருடைய விண்ணப்பக் கடிதங்களை வாங்கிப் பார்த்து, இரண்டில் எழுத்துப் பிழை இருக்கிறது என்றாராம். பேச்சுத் தொடங்கியது அங்கேதான்.

விழா அன்று பிள்ளைகள் எல்லாரும் பயங்கர மரியாதையாக இருந்தார்கள். வேலை என்ற சொல்லை ஒருவரும் வாயில் எடுக்கவில்லை. தொழில் வழிகாட்டல் விழா ஒன்றில் அது லேசான காரியம் இல்லை.

கவிதா பெரிய தட்டோடு வந்தார். சின்ன உருவம், வேகமான நடை. தட்டை என்னிடம் தந்துவிட்டுக் கேட்டார்: "அந்தப் பொண்ணு யாரு மேடம்?"

கூட்டிக்கொண்டு போனேன். தட்டு என் கையிலேயே இருந்தது.

"என் வீட்டுக்காரரை நீதான் கேள்வி கேட்டியாம்."

"ஓம் அன்ரி."

"வேலை போனதுல எனக்குக் கோவம் இல்ல. யாருக்கு வேணாலும் போகும். பதினாறு பேருக்குத் தெரிஞ்ச பிறகு பதினேழாவது ஆளா எனக்குச் சொல்றாரு பாரு, அதுக்குத்தான் கோவம்."

"நீங்கள் பதினெட்டாவது," என்றாள் ஆரணி. "வசந்தி அன்ரிக்கும் தெரியும்."

வசந்தி அன்ரி நான்தான். கவிதா என்னைத் திரும்பிப் பார்த்தார். கேசரித் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பிறகு அந்த மனிசி சிரிக்கத் தொடங்கினார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். ஆரணிக்கு இரண்டு பங்கு கேசரி வைத்தார். எனக்கு ஒரு பங்கு.

ஸ்ரீதரனுக்கு வேலை கிடைக்கக் கோடை முடிந்துவிட்டது. பிறம்ரன் நகரில் ஒரு களஞ்சிய நிறுவனத்தின் கம்பியூட்டர்களைப் பார்க்கிற வேலை. பதவி சின்னது, காரில் போக ஒரு மணித்தியாலம். எப்படி இருக்கிறது என்று கேட்டால், கார் நிறுத்த நல்ல இடம் இருக்கிறது என்பார்.

ஆரணி இப்போது பல்கலைக்கழகத்தில் மனிதவள முகாமை படிக்கிறாள். ஒருவரை வேலையால் நிறுத்துவதற்கு எட்டு நிமிஷத்தை விடக் கூட நேரம் எடுக்கலாம் என்பது அவளுடைய கருத்து.

அறிக்கை

பள்ளி வருஷம் முடிகிற ஜூனில் அறக்கட்டளைக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். ஒவ்வொரு வழிகாட்டியின் பெயருக்கும் பக்கத்தில் 'தற்போதைய தொழில் வழங்குநர்' என்று ஒரு பெட்டி. அப்போது ஸ்ரீதரன் இன்னும் வேலை தேடிக்கொண்டிருந்தார். நான் இரண்டு நாள் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய நிறுவனத்தின் பெயரை எழுதிவிட்டு அழித்தேன். கடைசியில், 'வேலை தேடுகிறார். இந்த வருஷம் பிள்ளைகளுக்கு அதிகம் பயன்பட்டவர் இவர்தான்' என்று எழுதி அனுப்பினேன்.

அதற்குப் பிறகு தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் திடுக்கிட்டேன். விளக்கம் கேட்பார்கள், விதியைக் காட்டுவார்கள். என்ன பதில் சொல்வது என்று கார் ஓட்டும்போதும் யோசித்தேன்.

ஒருவரும் கேட்கவில்லை. மூன்று மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. எங்கள் சிறப்பான விளைவுகளுக்கு நன்றி. அறக்கட்டளை இனி முதியோரின் தனிமை பற்றிக் கவனம் செலுத்தப்போகிறது. ஆகவே நிதி தொடராது. அந்தப் பெட்டியை அவர்கள் வாசித்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

வகுப்பு நின்றுவிடவில்லை. பொது நூலகத்தில் இரண்டு மணித்தியாலம் ஒரு அறை தருகிறார்கள். ஸ்ரீதரன் நடத்துகிறார். கணக்காளர்கள் கதிரை போடுகிறார்கள். வேலையில் இருக்க வேண்டும் என்ற விதி இல்லை. நானும் போகிறேன், சம்பளம் இல்லாமல்.

என்னுடைய சம்பளம் அந்த நிதியில் இருந்துதான் வந்தது. அதை இன்னும் சொல்லவில்லை.

பதினொரு நாள்

கடிதம் வந்த அன்று வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அன்று இவருக்கு, என் கணவருக்கு, தலையிடி. அடுத்த நாள் மகள் வந்திருந்தாள். அதற்கடுத்த நாள் என்ன காரணம் என்று மறந்துவிட்டேன்.

என் கடைசி வேலை நாளும் வந்து போனது. அலுவலகத்தின் வாடகை மாத முடிவு வரைக்கும் இருந்தது. பூட்டுத் திறப்பு என்னிடம். காலையில் எட்டரைக்கு வழக்கம் போல வெளிக்கிட்டேன். பிரதி எடுக்கும் மெஷினை வேறொரு இடத்துக்குக் கொடுத்துவிட்டோம், அறை குளிர்ந்தது. மேலங்கியோடு இருந்தேன். மத்தியானம் சோற்றுப் பெட்டியைத் திறந்து சாப்பிட்டேன். இவர் போன் எடுத்து, வேலை கூடவோ என்று கேட்டார். பரவாயில்லை என்றேன்.

பள்ளி நூலகத்தில் கவிதாவாக இருந்து "ஏனப்பா எனக்குச் சொல்லேல்லை" என்று கேட்டவள் நான். கேட்டபோது, இதைச் சொல்ல இந்த மனிசனுக்கு என்ன அவ்வளவு கஷ்டம் என்று உள்ளுக்குள் நினைத்தவளும் நான்தான்.

பன்னிரண்டாம் நாள் இவருடைய கார் திருத்த வேலைக்குக் கராஜில் நின்றது. வேலையில் இருந்து இவரை என் காரில் ஏற்றிக்கொண்டு வந்தேன். கென்னடியும் எல்ஸ்மியரும் சந்திக்கிற இடத்தில் சிவப்பு விளக்கு. வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. மழை முன்னமே விட்டுவிட்டது, நான் நிற்பாட்டவில்லை.

"இஞ்சாருங்கோ, என்ர வேலை போட்டுது," என்றேன்.

இவர் முன்னுக்குப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"பச்சை விழுந்திட்டுது," என்றார்.

காரை எடுத்தேன். இரண்டு சந்தி தாண்டினோம். எப்போது என்று கேட்டார். சொன்னேன். விரலை மடித்து எண்ணிப் பார்த்தார்.

"அப்ப பதினொரு நாளும் அந்தச் சாப்பாட்டை எங்க வச்சுச் சாப்பிட்டனீர்?"

"ஒஃபீசிலதான்."

"தனியவோ?"

"ஓம்."

இவர் கையை நீட்டி வைப்பரை நிற்பாட்டினார்.

"நாளைக்கு வீட்டில இரும்," என்றார். "நான் மத்தியானம் சாப்பிட வாறன்."